முதல் ஐந்து விநாடிகள்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணியைத் தாண்டியிருந்தபோது இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதால் வந்த கோளாறு என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். உலகச் செய்தித்தாள்கள் குரங்கைப் பிடித்துக்கொண்டன. ஆனால் துணை மின்நிலையத்துக்குள் குரங்கும் பாம்பும் காகமும் போய் மாட்டிக்கொள்வது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. வழக்கமாக அந்த வட்டாரத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், சிறிது நேரத்தில் திரும்பிவிடும். இரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் தீவு மொத்தமும் அன்று ஏன் விழுந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விடை அந்த நாளிலும் வேளையிலும் இருக்கிறது. ஞாயிறு என்பதால் அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருந்தன, மின்தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்தது. கூரைகளிலும் தரையிலும் பரப்பியிருந்த சூரியத் தகடுகள் தாராளமாக மின்சாரம் தந்துகொண்டிருந்தன. அதனால் கனமான சுழலும் இயந்திரங்கள் கொண்ட அனல், புனல் நிலையங்களில் குறைவானவையே ஓட்டத்தில் இருந்தன. இலங்கை மின்சார சபையும் பிறகு தந்த விளக்கத்தில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. கோளாறின் அதிர்ச்சியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை உடனே திருப்பி ஓட்ட முடியாததால் அடுத்த நாள்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் வேளையில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரர்களைச் சபை கேட்டுக்கொண்டது. 2022இல் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த நாடு அது. விலையில்லாமல் கொட்டும் வெயிலை அந்த நாடே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது என்னை மிகவும் வருத்தியது. தவிர்க்க வழி இருக்கிறது என்பதால் வருத்தம் இன்னும் கூடுகிறது.

காற்று, சூரிய மின்சாரம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது “ராத்திரிக்கு என்ன செய்வீர்கள்?” என்பதுதான். நியாயமான கேள்வி. பேட்டரி, நீரேற்று நிலையம், தொலைதூரக் கம்பித்தடம் என்று அதற்கான விடைகள் தெரிந்தவை. அவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும். மற்றபடி புதிர் ஏதும் இல்லை. அதிகம் பேசப்படாத கேள்வி வேறு. வெயில் அடித்து, காற்று வீசி, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கோ ஒரு கம்பி அறுந்தால் அடுத்த ஐந்து விநாடிகளில் என்ன நடக்கும்? மின்தொகுப்பு பிழைப்பதா விழுவதா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

மின்தொகுப்பில் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. நாம் விசிறியைப் போடும் அந்தக் கணத்தில் அதற்கான மின்சாரம் எங்கோ ஓர் இயந்திரத்தில் உற்பத்தியாக வேண்டும். கொடுப்பதும் எடுப்பதும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை என்ற கணக்கில், அதாவது 50 ஹெர்ட்ஸில், மாறிக்கொண்டிருக்கும். ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றுபோனால் குறைகிற மின்சாரம் எங்கிருந்து வரும்? மீதி நிலையங்களில் நீராவியையோ தண்ணீரையோ கூட்டித் திறக்கக் குறைந்தது சில விநாடிகள் வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பது சுழற்சிதான். தூத்துக்குடியிலோ நெய்வேலியிலோ ஓடும் அனல்மின் இயந்திரத்தின் சுழலி பல பத்து டன் எடையுள்ள எஃகு. நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஒரே தொகுப்பில் இணைந்த இயந்திரங்கள் அத்தனையும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று கட்டுண்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றவை சேர்ந்தே வேகம் குறைகின்றன. அந்த வேகக் குறைவில் அவற்றின் சுழல் ஆற்றல் மின்சாரமாக மாறித் தொகுப்புக்குள் போகிறது. இதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

குயவர் கோலால் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்த பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டே இருப்பதும், மண்ணை அழுத்தும்போது வேகம் சற்றே குறைந்தாலும் நின்றுவிடாமல் இருப்பதும் இதே விதியால்தான். சக்கரம் எவ்வளவு கனமோ அவ்வளவு தாங்கும். இயற்பியலில் இதை நிலைமம் என்கிறோம். 500 மெகாவாட் அனல் இயந்திரம் ஒன்றின் சுழற்சியில் ஏறத்தாழ 2,000 மெகாவாட்-விநாடி ஆற்றல் தேங்கியிருக்கும். தன் முழு உற்பத்திக்குச் சமமான மின்சாரத்தை வெறும் சுழற்சியிலிருந்தே நான்கு விநாடி கொடுக்கும் அளவு அது. நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பாதுகாப்பு மின்தொகுப்புகளுக்கு இனாமாகவே கிடைத்துவந்தது. மின்கட்டணத்தில் எந்த வரியிலும் அதற்கு விலை எழுதியதில்லை.

சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. அதிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கித் தொகுப்புக்குள் செலுத்துகிறது. இப்போது பெருவாரியாக உள்ள இன்வெர்ட்டர்கள், தொகுப்பில் ஏற்கெனவே ஓடும் அலையை அளந்து அதன்படி ஒட்டிக்கொண்டு போகிறவை. அலை தடுமாறினால் அவையும் தடுமாறும், அல்லது தம்மைக் காத்துக்கொள்ள விலகிவிடும். காற்றாலையில் அவ்வளவு பெரிய இறக்கைகள் சுழல்கின்றனவே என்று தோன்றலாம். ஆனால் நவீனக் காற்றாலையின் இறக்கைக்கும் தொகுப்புக்கும் நடுவிலும் மின்னணுச் சுற்றுகள் இருக்கின்றன. காற்றுக்கு ஏற்ற வேகத்தில் இறக்கை சுற்றட்டும், தொகுப்புக்கு 50 ஹெர்ட்ஸ் போகட்டும் என்பது அந்த ஏற்பாடு. அதனால் இறக்கையில் தேங்கிய சுழற்சி தானாகத் தொகுப்புக்கு உதவ வருவதில்லை.

இந்தச் சிக்கலின் முழு வடிவத்தையும் முதலில் நேருக்கு நேர் சந்தித்த இடங்களில் ஒன்று தெற்கு ஆஸ்திரேலியா. பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. மக்கள்தொகையோ சென்னையில் பாதிகூட இல்லை. 2003இல்தான் அங்கே முதல் பெரிய காற்றாலைப் பண்ணை வந்தது. பிறகு காற்றாலைகள் வேகமாகப் பெருகின. 2016 மே மாதம் போர்ட் அகஸ்டாவில் இருந்த கடைசி நிலக்கரி நிலையமும் மூடப்பட்டது. நான்கே மாதத்தில் சோதனை வந்தது.

2016 செப்டம்பர் 28 மாலை. மாநிலத்தின் தேவை சுமார் 1,800 மெகாவாட். அதில் 883 மெகாவாட்டைக் காற்றாலைகள் கொடுத்தன, 330 மெகாவாட் எரிவாயு நிலையங்களிலிருந்து வந்தது, மீதி 613 மெகாவாட் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து கம்பிவழி வந்தது. புயல் கடுமையாக இருந்தது. சூறைச் சுழல்கள் 275 கிலோவோல்ட் கோபுரங்களைச் சாய்த்ததில் மூன்று கம்பித்தடங்கள் அறுந்தன. கம்பிகளில் கோளாறு வரும்போதெல்லாம் தொகுப்பின் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மீண்டது. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு சரிவுகள். காற்றாலைகள் முதல் சில சரிவுகளைத் தாங்கின. பிறகு ஒன்பது பண்ணைகள் ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. அந்தப் பள்ளத்தை நிரப்ப விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தது. தாங்கும் அளவுக்கு மேல் போனதும் அந்த இணைப்பும் அறுத்துக்கொண்டது. மாலை 4:18க்கு மாநிலம் தனித்தீவானது.

அதன்பின் நடந்ததற்கு ஒரு கணக்குப் போதும். அதிர்வெண் விநாடிக்கு 6 ஹெர்ட்ஸுக்கும் மேலான வேகத்தில் விழுந்தது. இப்படி விழும்போது சில பகுதிகளின் மின்சாரத்தைத் தானாகத் துண்டித்து மீதியைக் காக்கும் ரிலேக்கள் எல்லாத் தொகுப்புகளிலும் உண்டு. அவை 49 ஹெர்ட்ஸில் வேலையைத் தொடங்கும். 47 வரை வந்துவிட்டால் நிலையங்களே நின்றுவிடும். இடையில் இருப்பது 2 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 6 என்ற வேகத்தில் அதற்குக் கிடைப்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. ரிலே உணர்ந்து, பிரேக்கர் திறந்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுமார் 8,50,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. தொகுப்பை மீண்டும் எழுப்புவதற்கென்றே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த இரண்டு நிலையங்களும் அந்த வேளையில் கைகொடுக்கவில்லை. கடைசியில் விக்டோரியாவிலிருந்து வந்த மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மாநிலம் படிப்படியாக எழுந்தது.

அடுத்த நாளே அரசியல் சண்டை தொடங்கியது. காற்றாலைகள்தான் காரணம் என்றது ஒரு தரப்பு. கோபுரம் சாய்ந்தால் எந்த மின்சாரமும்தான் நிற்கும் என்றது மறுதரப்பு. ஆஸ்திரேலிய எரிசக்திச் சந்தை இயக்க அமைப்பு 2017 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கை இரு தரப்புக்கும் ஆறுதல் தரவில்லை. காற்று குறைந்ததால் காற்றாலைகள் விலகவில்லை. குறுகிய நேரத்துக்குள் இத்தனை மின்னழுத்தச் சரிவுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு எழுதியிருந்தது. தயாரிப்பாளர் இயந்திரத்தைக் காப்பதற்காக வைத்த எண் அது. தொகுப்பை இயக்குகிறவர்களுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. பிறகு அந்த எண்ணைப் பெரும்பாலான பண்ணைகளில் மாற்றினார்கள். அதே சரிவுகள் மறுபடி வந்தால் அவை தாங்கும். இந்தக் கதையை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்று மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாடே விவாதித்துக்கொண்டிருக்கும்போது, விடையில் பெரும்பகுதி ஓர் அமைப்புப் பட்டியலின் ஒற்றை வரியில் கிடந்தது. இரண்டாம் பகுதி, போதிய சுழலும் எடை இல்லாதது. அதை மென்பொருளில் மாற்ற முடியாது. கட்டித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் கட்டினார்கள். 2017 டிசம்பர் 1ஆம் தேதி ஜேம்ஸ்டவுன் ஊருக்கு அருகே ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் இயங்கத் தொடங்கியது. 100 மெகாவாட் திறன், 129 மெகாவாட்-மணி கொள்ளளவு. அன்று உலகின் மிகப் பெரிய லித்தியம் பேட்டரி. நூறு நாளில் முடிக்காவிட்டால் பணம் வேண்டாம் என்று ஈலான் மஸ்க் அறிவித்ததால் அது செய்தியானது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 14 நள்ளிரவுக்குப் பின் நடந்தது. விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் இயந்திரம் ஒன்று திடீரென நின்றது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்ன்ஸ்டேல், இப்படிப்பட்ட வேளைக்காகவே பணம் பெறும் அனல் நிலையம் அசைவதற்கு முன்பே 7.3 மெகாவாட்டை உள்ளே தள்ளியது. அளவு சிறிதுதான். ஆனால் பேட்டரி விநாடியின் சிறு பின்னத்தில் விழிக்கும் என்பது அன்று எல்லோரும் பார்க்கும்படி உறுதியானது. 2020இல் அதை 150 மெகாவாட்டாக விரித்தார்கள். 2022 முதல் அதன் இன்வெர்ட்டர்கள் சுழலும் இயந்திரத்தின் நடத்தையைக் கணக்கிட்டு அதன்படியே நடந்துகொள்கின்றன. சுழற்சி இல்லாமலே நிலைமம் தருகின்றன.

இன்னொரு ஏற்பாடு பழைய இயந்திரக்கலையைச் சேர்ந்தது. 2021இல் டேவன்போர்ட்டில் இரண்டும் ராபர்ட்ஸ்டவுனில் இரண்டுமாக நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் வந்தன. பெயர்தான் கடினம். அது நீராவியும் தண்ணீரும் இல்லாத ஜெனரேட்டர். தொகுப்பிலிருந்து சிறிதளவு மின்சாரம் வாங்கிச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், கூடவே கனமான ஒரு சுழல்சக்கரமும் பூட்டியிருக்கும். நான்குமாகச் சேர்ந்து 4,400 மெகாவாட்-விநாடி ஆற்றலைச் சுழற்சியில் தேக்கி வைக்கின்றன. மேலே சொன்ன 500 மெகாவாட் அனல் இயந்திரங்கள் இரண்டில் இருப்பதற்கும் சற்று அதிகம் அது. டேவன்போர்ட் இருப்பது போர்ட் அகஸ்டாவுக்குப் பக்கத்தில். மூடிய நிலக்கரி நிலையம் எதை இனாமாகத் தந்துகொண்டிருந்ததோ, அதை மட்டும் தனியே பிரித்து, புகையில்லாமல், விலை கொடுத்து வாங்கி அதே வட்டாரத்தில் வைத்துவிட்டார்கள். அதுவரை தொகுப்பின் உறுதிக்காகவே எரித்துக்கொண்டிருந்த எரிவாயு இயந்திரங்கள் சிலவற்றை நிறுத்த முடிந்தது.

2022 நவம்பர் 12ஆம் தேதி இன்னொரு புயல். டெய்லம் பெண்ட் அருகே கோபுரம் சாய்ந்து ஹேவுட் இணைப்பு மறுபடி அறுந்தது. மாநிலம் ஒரு வாரம் தனித்தீவாக ஓடியது. கூரைச் சூரிய மின்சாரத்தைச் சில பகல்களில் கட்டுப்படுத்தித்தான் ஆகவேண்டியிருந்தது. காற்றில் கம்பிகள் அறுந்த தெருக்களில் வீடுகள் இருட்டில் இருந்தன. ஆனால் தொகுப்பு விழவில்லை. இன்று அந்த மாநிலம் ஆண்டுக் கணக்கில் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறுகிறது. 2020 அக்டோபர் 11 அன்று ஒரு மணி நேரம் மாநிலத்தின் முழுத் தேவையையும் சூரிய மின்சாரம் மட்டுமே ஈடுகட்டியது. அதில் பெரும்பகுதி வீட்டுக் கூரைகளிலிருந்து வந்தது.

நிலைமம் ஒன்றே எல்லாவற்றுக்கும் விளக்கம் என்று எண்ணிவிடவும் கூடாது. 2025 ஏப்ரல் 28 மதியம் 12:33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டன. ஐந்து விநாடிக்குள் சுமார் 15,000 மெகாவாட் உற்பத்தி காணாமல் போனது. வெயில் கொளுத்திய பகல் என்பதால் நிலைமக் குறைவு என்று பலர் அன்றே தீர்ப்பு எழுதினார்கள். ஸ்பெயின் அரசு ஜூனில் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. அங்கே முதலில் கெட்டது மின்னழுத்தம். அது ஏறிக்கொண்டே போக, பாதுகாப்புக்காக நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகின. விலக விலக அழுத்தம் இன்னும் ஏறியது. அழுத்தத்தை அடக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்த வழக்கமான நிலையங்கள் தேவையான அளவு அடக்கவில்லை. சூரிய நிலையங்களுக்கோ அந்த வேலையைச் செய்ய அன்றைய விதிகளில் இடமே இல்லை. அவற்றின் இன்வெர்ட்டர்களால் அது முடியும்; கேட்கத்தான் யாரும் இல்லை. அதிர்வெண் தொகுப்பு முழுவதற்கும் பொதுவானது. மின்னழுத்தம் ஊருக்கு ஊர் வேறுபடும், அதை அந்தந்த ஊரில்தான் சரிசெய்ய முடியும். தூரத்து நிலையம் எவ்வளவு பெரிதானாலும் இதில் உதவாது.

இந்தியாவின் நிலை இலங்கையைவிட மிகப் பாதுகாப்பானது. காரணம் அளவு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் இருண்டு, இரண்டாம் நாளில் சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி பாதிக்கப்பட்டபோது தெற்கு தப்பியது. அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு நேர்மின் இணைப்பால் மட்டுமே கட்டப்பட்டிருந்தது; வடக்கின் தடுமாற்றம் இங்கே பரவவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் தடம் வழியே தெற்கும் ஒரே தாளத்தில் இணைந்தது. அப்போதிருந்து கயத்தாறில் கோளாறு என்றால் சத்தீஸ்கரின் அனல் இயந்திரமும் தன் சுழற்சியிலிருந்து கொடுக்கிறது. இந்த அகலம் பெரிய வரம். இலங்கையோடு கடலடிக் கம்பி போடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருந்து, 2025 ஏப்ரலில் இரு அரசுகளும் ஒப்பந்தம் எழுதியிருக்கின்றன. அதுவும் நேர்மின் இணைப்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட கம்பி சுழற்சியைத் தானாகப் பகிராது. கட்டுப்பாட்டை அதற்கென்று வடிவமைத்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும். அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும்போது இந்த ஒரு நிபந்தனையை இலங்கைப் பொறியாளர்கள் விட்டுவிடக்கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் அகலம் மட்டும் நம்மைக் காத்துவிடாது. 2022 முதல் ராஜஸ்தானில் ஒரே கம்பிக் கோளாறில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் ஒருசேர விலகிய நிகழ்வுகள் பலமுறை நடந்திருக்கின்றன. மின்னழுத்தம் சரிந்தாலும் விலகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற விதியைச் சில நிலையங்கள் காகிதத்தில் மட்டும் நிறைவேற்றியிருந்தால் இதுதான் நடக்கும். தெற்கு ஆஸ்திரேலியா கற்ற அதே பாடத்தை நாமும் இருட்டில் உட்கார்ந்துதான் கற்க வேண்டுமா?

தமிழ்நாட்டில் சங்கதி இன்னும் பழையது. 1980களிலேயே காற்றாலை நட்ட மாநிலம் இது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று நான்கு கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து அனுப்புகின்றன. 225, 250 கிலோவாட் அளவிலான பழைய காற்றாலைகள் இன்றும் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. அவற்றில் பல நேரடியாகத் தொகுப்பில் மாட்டிய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். நவீன இயந்திரங்களைப் போலன்றி அவை சிறிதளவு நிலைமம் தருகின்றன. ஆனால் மின்னழுத்தத்தைத் தாங்கும் சக்தியைத் தொகுப்பிலிருந்து உறிஞ்சுகின்றன, அழுத்தம் சரிந்தால் முதலில் கழன்றுவிடுகின்றன. சரிவைத் தாங்கும் விதி 2014 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றுக்குத்தான் கட்டாயம். நல்ல காற்றோட்டம் உள்ள இடங்களையெல்லாம் இந்தப் பழையவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய புதியவற்றை நடுவதற்கு மாநில அரசு 2024இல் கொள்கை வெளியிட்டது. அதனால் மின்சாரம் கூடும் என்பதைப் பற்றித்தான் பேச்சு. தொகுப்பு உறுதிப்படும் என்பதும் அதே அளவு பெரிய ஆதாயம்.

நம் மாநிலத்தின் மற்றொரு சிக்கல் காலத்தோடு சம்பந்தப்பட்டது. 2024 மே 2 அன்று தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது; கத்திரி வெயில் நெருங்கும் நேரம். காற்று சீசன் அதற்குப் பிறகுதான் முழுவீச்சுக்கு வரும், ஆடியில் உச்சம். மழை பெய்து தேவை தணிந்த ஆடி இரவுகளில் காற்று மின்சாரம் மிஞ்சும், காற்றாலையை நிறுத்தச் சொல்ல நேரும். சீசனில் கொடுத்ததை வருடத்தில் வேறு மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று ‘பேங்கிங்’ முறை நெடுங்காலம் இருந்தது. அது கணக்குப் புத்தகச் சேமிப்பு. உண்மையில் ஒரு யூனிட்டும் எங்கும் தேங்கி நிற்காது. உண்மையாகத் தேக்குவது ஆனைமலைச் சாரலின் காடம்பாறை. 1987இல் ஓடத் தொடங்கிய 400 மெகாவாட் நீரேற்று நிலையம். மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிக் கொடுக்கிறது. நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டுப் பல ஆண்டுகளாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. காற்றாலையும் சூரியத் தகடும் சில மாதங்களில் எழும்புகின்றன. மலைக்குள் சுரங்கம் குடைந்து நிலையம் அமைக்கப் பத்தாண்டுகூட ஆகிறது. இந்த ஏற்றத்தாழ்வைத் திட்டமிடுகிறவர்கள் மறப்பதுதான் நம் தொந்தரவுகளில் பாதிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

கம்பித்தடமும் அப்படியே நாளாகும் வேலை; ஆனால் ஒன்று முடிந்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் வந்துவிட்டது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் அந்தத் தடத்தில், காற்று சீசனில் இங்கிருந்து வடக்குக்கும் அனுப்பலாம்.

எவ்வளவு வேகமாக நம் தொகுப்பால் வளைந்து கொடுக்க முடியும் என்பதற்கு ஒரு தேதி சாட்சி. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது நாட்டின் தேவை சில நிமிடங்களில் 31,089 மெகாவாட் சரிந்தது. உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் மையங்கள் இரண்டு நாள் திட்டமிட்டிருந்தன. முன்கூட்டியே உயர்த்தி வைத்த புனல் மின்சாரத்தை 25,559 மெகாவாட்டிலிருந்து 8,016க்கு இறக்கினார்கள், விளக்குகள் எரிந்ததும் மறுபடி ஏற்றினார்கள். எங்கும் தடையில்லை. பொறியாளர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்க வேண்டிய இரவு அது. சூரியன் தினமும் மாலையில் இதேபோன்ற இறக்கத்தைத் தருகிறது. தகடுகள் பெருகப் பெருக அது செங்குத்தாகிறது. அதை எதிர்கொள்ள, நிலக்கரி நிலையங்கள் குறைந்த பளுவில் ஓட 55 சதவீதம், பிறகு 40 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பகலில் மலிவு, மாலையில் கூடுதல் என்று நேரக் கட்டணமும் விதிகளில் வந்திருக்கிறது. விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரத்தை நடுப்பகலில் கொடுத்தால் அது செலவில்லாத ஏற்பாடு. கிணற்றிலிருந்து வயலுக்கு ஏறிய தண்ணீர் இரவில் மின்சாரம் கேட்காது. விவசாயியும் பாம்பு பயத்தோடு நள்ளிரவில் மோட்டார் போட எழ வேண்டாம். இதைக் காட்டிலும் இரு பக்கமும் நன்மை தரும் மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறைத் தீர்வு ஏற்கெனவே சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அலையைப் பின்தொடராமல் தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் டேல்ரிம்பிள் என்ற இடத்தில் 2018இல் வைத்த 30 மெகாவாட் பேட்டரி அந்த வகை. தீபகற்பத்துக்கு வரும் கம்பி அறுந்தால், பக்கத்துக் காற்றாலையையும் கூரைத் தகடுகளையும் சேர்த்துக்கொண்டு அந்த வட்டாரத்தை அது தனியே ஓட்டும். அனல் இயந்திரம் ஒன்றுகூட இல்லாமல். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசின் நிதி அமைப்பு இதே வகையில் எட்டுப் பெரிய பேட்டரிகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. மொத்தம் 2,000 மெகாவாட்.

தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பேட்டரி நிலையங்களுக்கு இப்போது அடுத்தடுத்து ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள். மாலையில் இத்தனை மெகாவாட், இத்தனை மணி நேரம், மிகக் குறைந்த விலை யாருடையது என்பதே அவற்றில் முதன்மையான அளவுகோல். அலையை உருவாக்கும் திறன் வேண்டும், கோளாறு நேரத்தில் விலகாமல் நிற்பதைச் சோதித்துக் காட்ட வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் தருவோம் என்று அந்த ஆவணங்களில் எழுத வேண்டிய நேரம் இது. விலை தராமல் வாங்க முடிந்த காலம் அனல் இயந்திரங்களோடு போகிறது. இந்த ஆண்டு நிறுவும் இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும். வெயிலும் காற்றும் தொகுப்பில் பாதியைத் தாண்டும் நாளில் காற்றாலைகள் நிற்கும் கயத்தாறிலும் சூரியத் தகடுகள் பரந்த கமுதியிலும் வேலை செய்யப்போவது அதே பெட்டிகள்தான்.